இரண்டு மாடித் தீப்பெட்டி

எங்கள் கேரம் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை ஜெயித்தவரை வாசலில் நிற்கவைத்து, தலையை மூன்று முறை சுற்றி ஒரு தீப்பெட்டியைக் கொளுத்துவது வழக்கம். பூசணிக்காய் கிடையாது, எலுமிச்சம்பழம் கிடையாது, தீப்பெட்டிதான். புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் சிரிப்பதில்லை. அந்தப் பெட்டிக்குள் ஜெயித்தவரின் ஊர் எழுதிய சீட்டு இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி ஜன்னல் கட்டையில் போரிக் பவுடர் டப்பா பக்கத்தில் வைத்த சீட்டு.

எழுதுபவள் என் தோஸ்து. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே போர்டு. நான் கணக்குப் பக்கம் ஓடிவிட்டேன். அவள் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைக்கவில்லை. வாரநாட்களில் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் லாரிகளுக்கு கேட் பாஸ் அடித்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டை கிளப்பில் ஜோசியம் சொல்வாள். ஆட்டம் முடிந்ததும் அவளே போய்ப் பெட்டியை எடுப்பாள், திறப்பாள், சீட்டை உயர்த்திக் காட்டுவாள். விசில் பறக்கும். பிறகு முகத்தைக் கோயில் பூசாரிபோல வைத்துக்கொண்டு, “கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, நில்லு,” என்பாள். சீட்டைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டு, சுற்றி, வாசலில் வைத்துக் கொளுத்திவிடுவாள்.

ஒரு வருஷமாக ஒருமுறைகூட அவள் சொன்னது தப்பவில்லை. அருள் வந்து சொல்கிறாள் என்று பாதிப் பேர் நம்பினார்கள். நான் படித்தவள் இல்லையா, அதனால் அருளை நம்பவில்லை. அவளுக்கு ஆட்டத்தைப் படிக்கும் கண் இருக்கிறது என்று நம்பினேன். சந்தேகப்பட்ட ஒருவரிடம் ஒருநாள் நானே வக்கீலாகப் பேசினேன்: “ரெண்டு சீட்டு எழுதி வெச்சிருந்தா இத்தனை வாரத்துல ஒருநாளாவது ரெண்டும் கண்ணுல பட்டிருக்கும்ல? பட்டுச்சா? அப்ப ஒண்ணுதான்.” பக்கத்தில் நின்ற கிளப் செக்ரட்டரி அன்றிலிருந்து அதையே எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு ஒரே பெருமை.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு நேர்காணல் காத்திருந்தது. நகரத்தின் தென்கோடியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். ஐந்து பக்க நிரூபணம் ஒன்றை எழுதி அனுப்பியிருந்தேன். புதன்கிழமை போய் ஐந்து பேர் முன்னால் விளக்க வேண்டும். பிடித்தால் ஆராய்ச்சி மாணவி. பிடிக்காவிட்டால் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனி, அடுத்த மாதம் முதல் தேதி, கழுத்தில் அட்டை. கம்பெனிக் கடிதம் அப்பாவின் கல்லாப்பெட்டியில் பத்திரமாக இருந்தது. அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். திருவொற்றியூரில் பைப்பும் குழாய்ச் சாமானும் விற்கிறார். “ரெண்டுல ஒண்ணு நடக்கட்டும்,” என்று பொதுவாகச் சொல்வார். எந்த ஒன்று நடக்கவேண்டும் என்று அவர் பிள்ளையாரிடம் கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

என் நிரூபணம் எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம், கேரம் தெரிந்தால் போதும். வங்கிப் பணத்திலிருந்து காதலர்களின் வாட்ஸப் சண்டைவரை இன்று பூட்டிவைக்கும் கணக்குகளில் பலவற்றை, பெரிய குவாண்டம் கணினி ஒன்று வந்தால் உடைத்துவிடும். அதனால் புதுப் பூட்டுகள் செய்கிறார்கள். பூட்டு செய்வது ஒரு வேலை. அது உடையாது என்று நிரூபிப்பது இன்னொரு வேலை. எனக்கு இரண்டாவதில் பைத்தியம்.

நிரூபிப்பதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. உன் பூட்டை உடைக்கும் கில்லாடி ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள். அவனைப் பிடித்து எதிரே உட்கார வை. ஒரு கேள்வி கேள், பதிலைக் குறித்துக்கொள். பிறகு வீடியோவைப் பின்னால் இழுப்பதுபோல அவனைக் கேள்விக்கு முந்தைய நொடிக்குத் திருப்பு. வேறு கேள்வி கேள். இரண்டு பதில்களையும் சேர்த்தால், யாராலும் போட முடியாது என்று உலகமே கைவிட்ட ஒரு கணக்குக்கு விடை கிடைத்துவிடும். ஆகவே அப்படி ஒரு கில்லாடி இருக்கவே முடியாது.

குவாண்டம் கில்லாடியிடம் இது பலிக்காது. அவன் பதிலை நீ பார்த்த மாத்திரத்தில் அவன் உள்ளே கலைந்துவிடுவான். முன்கூட்டி நகல் எடுத்து வைக்கவும் இயற்கை விடாது. பிரேக் அடித்துக் காய்களெல்லாம் நாலு மூலைக்கும் சிதறிய பிறகு ‘பழையபடியே வை’ என்றால் எப்படி வைப்பது?

ஆனால் ஒரு சந்து உண்டு. அவனிடம் இருக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான் என்றால், அதைப் பார்ப்பதால் எதுவும் கலையாது. அப்போது அவனைத் தாராளமாகப் பின்னால் திருப்பலாம். அந்தச் சந்து வழியாகத்தான் நான் புகுந்தேன். என் கட்டுமானத்தில் பதில்களெல்லாம் கமிட்மென்டுகளில் இருந்தன. கமிட்மென்ட் என்றால், ஒரு விஷயத்தை எழுதி மூடிக் கொடுத்துவிட்டு, பிறகு திறந்து காட்டுவது. ஒரே மூடிய பெட்டிக்கு இரண்டு வெவ்வேறு திறப்புகளை யாராலும் ஒருசேரக் காட்ட முடியாது, இது அதன் உத்தரவாதம். நாலாம் பக்கம் மூன்றாவது வரியில் எழுதினேன்: இரண்டு திறப்புகளைக் காட்ட யாராலும் முடியாது, ஆகவே பதில் ஒன்றுதான், ஆகவே பார்த்தால் கலையாது, ஆகவே திருப்பலாம்.

மூன்று ஆகவே. ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நின்றன. போதாததற்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு வேறு: ‘இந்த இடத்தில் சிலர் கவனக்குறைவாக இருந்துவிடுகிறார்கள்.’ அதை எழுதியபோது நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நேர்காணலுக்கு முந்தைய ஞாயிறு மத்தியானம். கிளப்பில் இறுதி ஆட்டம், விம்கோ நகர் அக்காவுக்கும் புளியந்தோப்புத் தங்கச்சிக்கும். உள்ளே போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் தோஸ்தும் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தோம்; அவள் கையில் மிளகாய் பஜ்ஜி, குர்தா பாக்கெட்டில் அன்றைய தீப்பெட்டி. பேசிப் பழக எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

“நீ துன்னுகினே கேளு. புரியலன்னா கையத் தூக்கு.”

“தூக்குனா நிறுத்துவியா?”

“மாட்டேன்.”

கில்லாடி, கேள்வி, பின்னால் திருப்புவது, எல்லாம் சொன்னேன். சமர்த்தாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். நாலாம் பக்கத்துக்கு வந்தேன். மூன்று ஆகவேயையும் சொன்னேன். அவளுக்குப் பஜ்ஜி தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமலா சிரிப்பா என்று தெரியாமல் முதுகில் தட்டினேன்.

“இன்னாடி சிரிக்கிற?”

“அந்த லைன இன்னொரு வாட்டி சொல்லு.”

“ரெண்ட யாராலயும் சேத்துக் காட்ட முடியாது. அதனால ஒண்ணுதான் கீது.”

“யாரு சொன்னா?”

“டெஃபனிஷன் சொல்லுது.”

“உன் டெஃபனிஷன் நம்ம செக்ரட்டரி மாதிரியே பேசுதுடி!” கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “ரெண்ட பாத்ததில்ல, அதனால ஒண்ணுதானாம். இத்தப் படிக்கிறதுக்கா அவ்ளோ தூரம் போற?”

சிரிக்கும்போது அவள் கை தன்னையறியாமல் பாக்கெட்டை மூடியது. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்த கை அது. காயைப் பாக்கெட்டில் தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல இருக்கும்போது அப்படித்தான் மூடும். நான் பாய்ந்து பெட்டியைப் பிடுங்கிவிட்டேன்.

தள்ளித் திறந்தேன். மடித்த சீட்டு: விம்கோ நகர். சரி என்று மூடினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி திறந்தேன். மடித்த சீட்டு: புளியந்தோப்பு.

உள்தட்டின் அடியை வெட்டி எடுத்து, நடு உயரத்தில் ஒட்டியிருந்தாள். மேலே ஒரு மாடி, கீழே ஒரு மாடி. சீட்டு விழாமல் ஆளுக்கொரு சொட்டுப் பசை. எது மேல்பக்கம் என்று தெரிய, உரசும் பக்கத்தில் ஒரு பென்சில் புள்ளி.

“பாத்துட்டல்ல, மூடு. ஆளு வருது.”

“ஒரு வருஷமா உடான்ஸா உட்டுகினு இருந்த?”

“உடான்ஸ் இன்னா? சொன்னது நடந்துச்சா இல்லியா?”

“அப்ப திருஷ்டி?”

“அதுவா?” குரலைத் தாழ்த்தினாள். “மொத வாரம் செக்ரட்டரி பெட்டிய குடுமா, ஞாபகார்த்தமா வெச்சுக்கிறேன்னு கைய நீட்டிட்டாரு. பேஜாராப் பூடுச்சி. வாயில வந்தது திருஷ்டி. அதுக்கப்பறம் எவனாவது கேட்டானா? திருஷ்டி சுத்துனத எவன் வூட்டுக்கு எடுத்துகினு போவான்?”

யாரும் போகமாட்டான். தெருவில் சுற்றிப்போட்ட எலுமிச்சம்பழத்தைத் தாண்டக்கூட மாட்டோம், ஒதுங்கிப் போவோம். எங்கள் கிளப்பில் இருப்பவர்களில் பாதிப் பேர் துறைமுகத்துக்காரர்கள். கன்டெய்னர் சீலில் ஒரு கீறல் இருந்தால் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். அவர்கள் கண் முன்னாலேயே ஒருத்தி வாராவாரம் சாட்சியத்தைக் கொளுத்தியிருக்கிறாள், அவர்கள் கைகூப்பி நின்றிருக்கிறார்கள். நானும்தான் நின்றேன். (இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “எழுது, நம்ம ஆளுங்க எவன் பொஸ்தகம் படிக்கிறான்?” என்று பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தாள்.)

முதலில் கோபம் வந்தது. அதற்குப் பின்னால் நாலாம் பக்கம் வந்தது.

பெட்டிக்குள் இரண்டு திறப்புகள் இருக்கின்றன. இரண்டையும் ஒருசேர யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் ஒன்றைக் காட்டிய கையோடு மற்றது சாம்பல். ‘இரண்டைக் காட்ட முடியாது’ என்ற உத்தரவாதம் அப்படியே நிற்கிறது. ‘ஒன்றுதான் இருக்கிறது’ என்பது எங்கேயும் நிற்கவில்லை. என் தோஸ்துக்காவது தீக்குச்சி வேண்டும். பாய்ந்தால் பெட்டியைப் பிடுங்கிவிடலாம். குவாண்டம் கில்லாடிக்கு மாடியும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். ஒரு பக்கத்தைத் திறந்தால் மறுபக்கம் தானாகவே எரிந்துவிடும். அவன் பாக்கெட்டில் கைவிட்டுத் தேட எந்தப் போலீஸாலும் முடியாது. கேட்டபடி திறந்து காட்டுவான், ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவை அவனுக்குப் போதும்.

முதல் ஆகவே விழுந்தது. மற்ற இரண்டும் அதன் தோளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

“இன்னாடி, மூஞ்சி இப்டி ஆயிடுச்சி? உன்ன டபாய்ச்சதுக்கா?”

“இல்ல. நான் அனுப்புன பேப்பர் தப்பு.”

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்சம் யோசித்து, உத்தியோக அனுபவத்திலிருந்து ஆலோசனை சொன்னாள்: “ஓவர்லோடு லாரி கேட்ல எப்டிப் போவும் தெரியுமா? டிரைவர் சிரிச்சுகினே, டீ சாப்டியா மச்சான்னு கேட்டுகினே போவான். நீயும் நாலாம் பக்கத்த அப்டியே தள்ளிடு. எவன் கண்டான்?”

அன்று புளியந்தோப்புத் தங்கச்சி ஜெயித்தாள். பெட்டி சரியாகத்தான் சொன்னது. எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். தட்டாமல் இருந்தால் சந்தேகம் வரும்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கடைக்குப் பின்னால் பைப் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து ஓட்டையை அடைக்கப் பார்த்தேன். மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்று வீசி கேஸ் நாற்றம் அடித்ததுகூட உறைக்கவில்லை. செவ்வாய் மத்தியானம் ஒரு வழி தெரிந்தது. உத்தரவாதத்தையே கடுமையாக்க வேண்டும்: பெட்டிக்குள் இருப்பதை யாராவது பார்த்துவிட்டார்களா இல்லையா என்பதை, பெட்டியைச் செய்த கில்லாடியாலேயே கண்டுபிடிக்க முடியக்கூடாது. பார்த்தாலும் அவனுக்கு வித்தியாசமே தெரியாது என்றால், பார்த்ததால் அவன் கலைந்தான் என்று சொல்ல முடியாது. அப்போது மூன்று ஆகவேயும் மறுபடி எழுந்து நிற்கும். துள்ளிக் குதித்தேன். பிறகு தேடினால், அதைப் பல வருஷங்களுக்கு முன்பே ஒருவர் எழுதி, பெயரும் வைத்துவிட்டிருக்கிறார். அந்தக் கட்டுரை என் போனிலேயே இருந்தது. இறக்கி வைத்ததோடு சரி, திறந்ததே இல்லை.

இன்னொரு சிக்கலும் மிச்சம் இருந்தது. நான் என் கையால் கட்டிய அந்தக் கமிட்மென்டுக்கு இந்தக் கடுமையான நிபந்தனை பொருந்துமா? எனக்குத் தெரியவில்லை.

அப்பா ஒரு லோடு பைப் இறக்கிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏளா, முடிஞ்சுதா?”

“ஒரு தப்பு இருக்குப்பா.”

“அவியளுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“பொறவு நீ எதுக்குச் சொல்லுத?”

“சொல்லாம உள்ள போயிட்டா, அஞ்சு வருசம் நானே அது மேலதான்பா கட்டிட்டுப் போணும்.”

கம்பெனிக் கடிதம் இருக்கிறதா என்று அப்பா கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை மெட்ரோவில் போகும்போது என் பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. செய்தது அவள்தான், எனக்கு வெட்டத் தெரியவில்லை. பசை போடும்போது, “மாட்டிகினா என் பேரச் சொல்லாத,” என்றாள்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர் அம்மா. ஓரத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவர், என் பிரதியில் சிவப்பு மையால் ஏதேதோ கோடு போட்டு வைத்திருந்தார். பெட்டியை மேசை மேல் வைத்தேன். தலைவர் அம்மாவிடம், “மேடம், இப்போ நீங்க டீ கேப்பீங்களா காபி கேப்பீங்களான்னு இதுக்குள்ள எழுதி வெச்சிருக்கேன்,” என்றேன். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “காபி,” என்றார். திறந்து காட்டினேன். காபி. சிரித்துவிட்டார்கள், நீலச் சட்டையைத் தவிர.

திட்டப்படி அடுத்தது திருஷ்டி. வெளியே தாழ்வாரத்துக்குப் போய்க் கொளுத்துவதாகத்தான் யோசனை. ஆனால் அவசரத்தில் நின்ற இடத்திலேயே பையிலிருந்து குச்சியை எடுத்துவிட்டேன்.

“இங்கேயா நெருப்பு!” நீலச் சட்டை எழுந்தேவிட்டார். மேலே கூரையில் புகை கண்டுபிடிக்கும் கருவி சிவப்பாக முழித்தது. ஒரே எட்டில் வந்து பெட்டியை என் கையிலிருந்து பறித்தார். பறித்தவர் சும்மா இருந்தாரா? திருப்பினார். தள்ளினார். டீ என்று எழுதிய சீட்டு வெளியே வந்தது.

இரண்டு சீட்டையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கஸ்டம்ஸ் அதிகாரிபோல என்னைப் பார்த்தார். என் அழகான திட்டம் பாழ். இனி இருக்கிற வழியில்தான் போக வேண்டும்.

“சார், ஒண்ணைப் பாத்த பிறகு பின்னால திருப்பி இன்னொண்ணையும் எடுத்தீங்களே, அதைத்தான் என்னோட நாலாம் பக்கம் எப்பவும் செய்யலாம்னு சொல்லுது. உங்களால முடிஞ்சது, ஏன்னா நான் சாதாரண ஏமாத்துக்காரி. குவாண்டம் ஏமாத்துக்காரி வந்தா, அந்த ரெண்டாவது சீட்டு உங்களுக்குக் கிடைக்காது. நாலாம் பக்கம், மூணாவது வரி தப்பு.”

அவர் சிவப்புக் கோடு போட்ட தாளைப் புரட்டினார். நாலாம் பக்கம், மூன்றாவது வரியில் ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தது. தலைவர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தார் என்று நினைக்கிறேன்.

கடுமையாக்கிய நிபந்தனையை எழுதினேன். அது இருந்தால் மீதி நிரூபணம் நிற்கும் என்று காட்டினேன். அது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை என்றும் சொன்னேன்.

“சரி,” என்றார் நீலச் சட்டை. “நீ கட்டிய கமிட்மென்டுக்கு அந்த நிபந்தனை பொருந்துமா?”

“தெரியாது சார்.”

“எப்படித் தெரிந்துகொள்வாய்?”

இரண்டு வழி சொன்னேன். இரண்டாவதைத் தலைவர் அம்மா ஒரே நிமிஷத்தில், காபியைக் கீழே வைக்காமலேயே கவிழ்த்துவிட்டார். முதல் வழியைப் பலகையில் எழுதச் சொல்லி, போனில் படம் எடுத்துக்கொண்டார்.

எழுந்திருக்கும்போது நீலச் சட்டை கடைசியாகக் கேட்டார்: “அடிக்குறிப்பில் ‘சிலர் கவனக்குறைவாக இருந்துவிடுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறாயே, யார் அந்தச் சிலர்?”

“ஒருத்திதான் சார்.”

பத்து நாள் பதில் இல்லை. கம்பெனியில் சேரும் தேதி நெருங்கியது. அப்பா எனக்குப் புதுச் செருப்பு வாங்கிவந்தார், எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு காலை, பிளம்பர் ஒருவருக்குக் குழாயை வளைத்து இணைக்கும் எல்போ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போனில் மின்னஞ்சல் வந்தது. இடம் உண்டு. ஒரு நிபந்தனை: முதல் அரையாண்டில், நேர்காணலில் தெரியாது என்று சொன்ன கேள்வியை எடுத்து வேலை செய்ய வேண்டும்.

பிளம்பரை எல்போவும் கையுமாக விட்டுவிட்டு அப்பாவிடம் ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே ஒருமுறை பார்த்தார்.

“தப்புன்னு நீயே போய் ஒத்துக்கிட்ட.”

“ஆமாப்பா.”

“மிச்சம் கேட்டதுக்குத் தெரியாதுன்ன.”

“ஆமா.”

“அதுக்கா கூப்பிடுதாவ?”

“அதுக்குத்தான் போலப்பா.”

நம்பமுடியாமல் தலையை ஆட்டினார். “நம்ம கடைக்கு வேலைக்கு வந்து இப்பிடி ஒருத்தன் சொல்லியிருந்தாம்னா, வாசலோட அனுப்பியிருப்பேன் பாத்துக்க.” கல்லாப்பெட்டியிலிருந்து கம்பெனிக் கடிதத்தை எடுத்தார். கிழிப்பார் என்று பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து, நாலாக மடித்து, பில் எழுதும் காகிதங்களோடு சேர்த்து வைத்துவிட்டார். பிறகு, “அந்தக் கேள்விக்கு வெடை கெடைக்க எத்தன நாளாவும்?” என்றார்.

“தெரியாதுப்பா,” என்றேன். இந்தத் தடவை அவரும் கொஞ்சம் சிரித்தார். பிளம்பர் உள்ளேயிருந்து, “பாப்பா, முக்கால் இஞ்சு கேட்டா ஒண்ணு இஞ்சு குடுத்துகீறியே,” என்று கத்தினார்.